கூட்டாளி போடும் கையெழுத்து உங்களையும் கட்டும்: கூட்டுத் தொழில் தொடங்குவோருக்கு

திருப்பூரில் நண்பருடன் சேர்ந்து பனியன் தொழில் தொடங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐந்து லட்சம் முதல், லாபத்தில் சரிபாதி. பேச்சு முடிந்தது. தையல் மிஷின் பார்க்கப் போவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

படி 1: யார் யாருக்கு முகவர்?

மற்றொருவருக்காகச் செயல்படவோ, அவர் சார்பில் வெளியாரிடம் பேசி முடிக்கவோ அமர்த்தப்பட்டவரே முகவர் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, தொழில் விஷயத்தில் ஒவ்வொரு கூட்டாளியையும் நிறுவனத்தின் முகவராக்கிவிடுகிறது. யாரும் யாரையும் தனியாக நியமிக்க வேண்டியதில்லை.

நீங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கும்போது நண்பர் நான்கு லட்சத்துக்குக் கடனில் நூல் எடுக்கிறார். பில் நிறுவனத்தின் பெயரில். பணம் வராவிட்டால் மில்காரர் முழு நான்கு லட்சத்தையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். 25ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. "என் பங்கு பாதிதானே" என்ற வாதம் அங்கே எடுபடாது. நண்பரின் பாதியை அவரிடம் வசூலிப்பது உங்கள் பாடு.

லாபத்தில் பங்கு வாங்குகிறவர் எல்லாரும் கூட்டாளி ஆகிவிடுவதில்லை. சம்பளத்துக்குப் பதில் லாபப் பங்கு பெறும் டெய்லர், அந்தக் காரணத்தால் மட்டும் கூட்டாளி ஆகமாட்டார்.

படி 2: அதிகாரத்துக்கு வேலி போடுங்கள்

சில காரியங்களைச் சட்டமே தடுக்கிறது. தொழில் வழக்கம் வேறாக இல்லாதவரை, நிறுவனத்துக்காக நிலம் வாங்குவது, விற்பது, நிறுவனத்தின் கணக்கைத் தன் பெயரில் வங்கியில் தொடங்குவது, வர வேண்டிய பாக்கியை விட்டுக்கொடுப்பது ஆகியவற்றை ஒரு கூட்டாளி தானாகச் செய்ய முடியாது.

மற்றவற்றுக்கு நீங்கள்தான் எல்லை வகுக்க வேண்டும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். "ஐம்பதாயிரத்துக்கு மேல் இருவரும் கையெழுத்திட வேண்டும்" என்று பத்திரத்தில் எழுதிப் பீரோவில் பூட்டிவைத்தால், மில்காரருக்கு அது எப்படித் தெரியும்? தெரியாதவரை அந்த நிபந்தனை அவரைக் கட்டாது. வங்கிக்கும், கடனில் சரக்குத் தருபவர்களுக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

படி 3: பத்திரம் எழுதுங்கள்

வாய்ப்பேச்சாலும் கூட்டு உருவாகும். ஆனால் எழுதாத இடத்தைச் சட்டம் தன் விருப்பப்படி நிரப்பிவிடும்: லாப நஷ்டம் சமபங்கு, வேலை பார்க்கும் கூட்டாளிக்குச் சம்பளம் இல்லை, முதலுக்கு மேல் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. இரவு பகலாக ஒருவர் உழைக்க, மற்றவர் பணம் மட்டும் போடும் கூட்டில் இந்தச் சமபங்கு எவ்வளவு கசப்பை வளர்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலவரையும் எழுதுங்கள். கூட்டு முடிவது பற்றி எதுவும் இல்லையென்றால், எந்தக் கூட்டாளியும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து நிறுவனத்தைக் கலைத்துவிடலாம்.

படி 4: பதிவு

கட்டாயமில்லை. அதனாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள்; என்னைக் கேட்டால் வீண் துணிச்சல். சரக்கு வாங்கியவர் பணம் தராவிட்டால், பதிவில்லாத நிறுவனம் அந்த ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. அவர் உங்கள் மீது போடலாம்! சிறு வழக்குகளுக்கான விலக்கு வரம்பு 1932இல் எழுதிய அதே 100 ரூபாய். வழக்குக்கு முன் பதிவு செய்துவிட்டால் இந்தத் தடை இல்லை. தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை அணுகுங்கள்.

படி 5: விலகும்போது

கணக்கை முடித்துக் கைகுலுக்கினால் போதாது. பொது அறிவிப்புத் தரும்வரை, உங்களைக் கூட்டாளி என்று நம்பிச் சரக்குத் தருபவருக்கு நீங்கள் தொடர்ந்து பொறுப்பாளி. பதிவு பெற்ற நிறுவனமானால் பதிவாளருக்குத் தகவல், அரசிதழில் அறிவிப்பு, அந்த மாவட்டத்தில் ஓடும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றில் விளம்பரம் மூன்றும் வேண்டும். மில்காரருக்குத் தனியாக ஒரு பதிவுத் தபாலும் அனுப்பிவிடுங்கள். அரசிதழை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?