தேனீயை ஊசியில் குத்துமுன்: சேகரிப்பைக் கெடுக்கும் தவறுகள்

மலேசியாவின் தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கெலுலுட் எனும் கொட்டாத சின்னத் தேனீயைத் தேடக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. பழைய பால்மரத்துப் பொந்தோ லயத்துச் சுவர் விரிசலோ போதும், கூடு கட்டிவிடும். மாணவர்களும் ஆசிரியர்களும் அதைப் பிடித்துப் பெட்டியில் அடுக்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது மிக நல்ல காரியம். ஆனால் கொடுத்த மாதிரி ஆய்வுக்கு உதவாமல் போனால், பெரும்பாலும் குறை தேனீயில் இருக்காது. அதன் கீழே குத்திய சீட்டில்தான் இருக்கும்.

'தோட்டம், 03/04/24' என்று மட்டும் எழுதுவதுதான் பெரிய தவறு. இது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? எந்தத் தோட்டம்? தோட்டங்கள் கைமாறும், ஒன்றோடொன்று சேரும், பால்மரம் போய்ச் செம்பனை வரும், பெயரும் மாறும். இந்த ஊரே 1982 வரை தெலுக் ஆன்சன்தான். நாடு, மாநிலம், மாவட்டம், தோட்டம், டிவிஷன் எல்லாவற்றையும் எழுதி, அட்ச தீர்க்க ரேகையைத் தசமத்தில் நான்கு இலக்கம் வரை குறியுங்கள். நான்கு இலக்கம் இடத்தை ஏறக்குறைய 11 மீட்டருக்குள் காட்டும். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போகும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். பிடித்தவர் பெயர், பிடித்த விதம், எந்தப் பூவில் என்பதும் வேண்டும். மாதிரியை ஆல்கஹால் குப்பியில் வைப்பதானால், பால்பாயின்ட் மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. குப்பியின் வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும், உள்ளே போடுங்கள்.

அடுத்தது, அவசரப்பட்டுப் பெயர் வைப்பது. கறுப்பாகச் சின்னதாக இருந்தால் உடனே 'டெட்ராகொனுலா லேவிசெப்ஸ்' என்கிறார்கள். 1854-இல் சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ் பூச்சி சேகரித்தார். அந்தச் சேகரிப்பை ஆராய்ந்த பூச்சியியலாளர் ஃபிரெடெரிக் ஸ்மித் 1857-இல் வைத்த பெயர் அது. இன்று அந்தப் பெயருக்குள் ஒன்றுபோலத் தெரியும் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன. உண்மையான லேவிசெப்ஸ் எது என்று தீர்க்க, ஸ்மித் கையில் இருந்த அந்த மூல மாதிரியோடுதான் ஒப்பிட வேண்டும். தெரியாவிட்டால் 'டெட்ராகொனுலா' என்ற பேரினப் பெயரோடு நிறுத்துங்கள். தவறான இனப்பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

நிறத்தையும் நம்பாதீர்கள். கூட்டைப் பிளந்து எடுத்தால், புதிதாய்ப் பொரித்த வேலைக்காரத் தேனீக்கள் வெளுத்திருக்கும். வேறு இனம் என்று ஏமாறுவோம். கூட்டு வாசலில் பறப்பவற்றில் பத்தைப் பிடித்து, வாசல் குழாயையும் படம் எடுத்து வையுங்கள். ஆணும் பெண்ணும் வேறு இனங்களாகத் தெரியலாம். தலையிலுள்ள உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13.

நான்கு மில்லிமீட்டர் தேனீயை ஊசியால் குத்தினால் மார்பு நொறுங்கிவிடும். சின்ன முக்கோண அட்டையை ஊசியில் குத்தி, அட்டையின் நுனியில் தேனீயின் வலப்பக்கத்தை ஒட்டுங்கள். பெரிய கருவண்டுத் தேனீயைக் குத்தலாம், ஆனால் நடுவில் அல்ல, மார்பின் வலப்பக்கத்தில். இடப்பக்கம் முழுசாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். நனைந்து ரோமம் ஒட்டிப்போன தேனீயில் அடையாளமே தெரியாது. சோப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் முக்கி, மெல்லிய சூட்டுக் காற்றில் உலர்த்துங்கள்.

மரபணு ஆய்வுக்கு மருந்துக்கடை 70% ஆல்கஹால் சரிப்படாது. 95% எத்தனாலில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். உலர்ந்த மாதிரியிலிருந்து கால் எடுப்பதானால் நடுக்காலை எடுங்கள். பின்னங்காலில் மகரந்தக்கூடை இருக்கிறது, அடையாளமே அதில்தான். எலி, பாம்பு போன்றவற்றை ஃபார்மலினில் போடுமுன் ஈரலில் ஒரு துண்டை எத்தனாலில் தனியாக எடுத்து வையுங்கள். ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் தோல்வண்டும் பெட்டியைத் தின்றுவிடும். அந்துருண்டையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது தோல்வண்டைக் கொல்வதில்லை, அடியில் பாலிஸ்டைரீன் இருந்தால் அதையும் உருக்கிவிடும். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, −20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த உடனே பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த தேனீமேல் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் வெளியே இருந்து சூடு சமமான பிறகு அவிழுங்கள்.