‘நாட்டம்’ என்ற சொல்லைச் சரியாகப் போடுவது எப்படி?

முதலில் வேர். ஓடு – ஓட்டம், தேடு – தேட்டம், வாடு – வாட்டம். அதே வரிசைதான் நாடு – நாட்டம். மனம் ஒன்றை நாடிப் போவதுதான் பொருள். யாரும் தள்ளாமல், தானாகப் போக வேண்டும்.

அடுத்து ஒரு சோதனை. ‘நாட்டம்’ எழுதிய இடத்தில் “மனம் தானாகப் போகும்” என்று போட்டுப் படியுங்கள். “அவளுக்குக் கணக்கில் நாட்டம்” தேறிவிடும். “இன்று மாலை படம் பார்க்க நாட்டம்” தேறாது, அது வெறும் ஆசை. நகம் கடிப்பது பழக்கம். சட்டென்று கோபப்படுவது சுபாவம். விலை ஏறிக்கொண்டே இருந்தால் அது போக்கு. விலைக்கு ஏது மனம்?

இனி வேற்றுமை உருபு. ஆளுக்கு ‘கு’, பொருளுக்கு ‘இல்’ அல்லது ‘மீது’: “அவனுக்கு இசையில் நாட்டம் உண்டு.” வினை வந்தால் “படிப்பதில் நாட்டம்”. உருபு ஏற்கும்போது ‘நாட்டத்தை’, ‘நாட்டத்தால்’ என்று ‘அத்து’ வரும். ‘நாட்டை’ என்று எழுதினால் தேசம் ஆகிவிடும்.

நான் வழுக்கி விழுந்தது பழைய நூலில். தொல்காப்பியக் களவியலில் “நாட்டம் இரண்டும் அறிவுடம் படுத்தற்கு” என்று ஒரு நூற்பா தொடங்கும். தலைவன், தலைவி இருவருடைய விருப்பங்களும் என்று நினைத்து ஒரு பக்கம் விளக்கமே எழுதிவிட்டேன். அங்கே நாட்டம் என்றால் கண். இரண்டு கண்களும் பேசிக்கொள்கின்றன! யோசித்தால் உறவு புரியும்: நாடித் தேடுவது கண்தானே. சிவனின் நெற்றிக்கண்ணை ‘நுதல் நாட்டம்’ என்பதும் இப்படித்தான். ஆகவே செய்யுளில் இந்தச் சொல்லைக் கண்டால் முதலில் ‘கண்’ என்று வைத்துப் பாருங்கள்.

இன்றைய வழக்குக்கு நான் முதலில் புரட்டுவது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தரும். பழைய பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். வெறும் பொருள்பட்டியல் தரும் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை.

பின்சேர்க்கை: “கெட்டதிலும் நாட்டம் வரலாமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக வரலாம், சூதாட்டத்தில் நாட்டம் என்பது சரியான தமிழ்தான்.

இன்னொருவருக்கு நேர்ந்தது தட்டச்சுப் பிழை. வேலை விண்ணப்பத்தில் ஒரு கால் விட்டுப்போய், “வணிகத்தில் மிகுந்த நட்டம் உண்டு” என்று அனுப்பியிருக்கிறார். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தி வாயே திறக்கவில்லையாம்.