மிட்வைஃப் மிஸ் எழுதினதை வாசிப்போம்: கிளினிக் கார்டுக்கு ஓர் அரிச்சுவடி

என் தங்கச்சியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லிக்கர் நோர்மல்' என்று ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்த மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் குடிக்கிறதக்கூடவா ஸ்கேன்ல காட்டுது?" என்றார். தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான எங்கள் லயமே சிரித்தது. ஆனால் அவர் கேட்டதில் பிழையில்லை. டவுனில் அந்தப் பெயர்ப்பலகை தொங்கும் கடை நமக்கெல்லாம் தெரிந்த கடைதான். டொக்டர்மார் அதே எழுத்தில் எழுதும் லிக்கர், பன்னீர்க்குடத்துத் தண்ணீர்.

புள்ளத்தாச்சி ஒருத்தி இங்கே நாலு பாஷையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் கார்டில் இங்கிலீஷ் எழுத்துகள், கிளினிக்கில் பாதி சிங்களம், பள்ளிப் புத்தகத்தில் ஒரு தமிழ், வீட்டில் அப்பாயி பேசும் வேறொரு தமிழ். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் என்பதால் எங்கள் பிரிவில் கார்டு வாசிக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். கார்டையும் ஒரு பேனையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முழுகின நாள் வேறு, கார்டு கேட்கும் நாள் வேறு

கார்டின் மேல்பக்கத்தில் எல்.ஆர்.எம்.பி அல்லது எல்.எம்.பி என்று ஒரு கட்டம் இருக்கும். கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளைத்தான் அது கேட்கிறது. நம் ஆட்கள் தடுமாறுவதே இங்கேதான். 'முழுகாம இருக்கா' என்று சொல்லிப் பழகிய நாம், தலைக்கு ஊற்றிய நாளையே ஞாபகத்தில் வைத்திருப்போம். அது தீட்டு முடிந்த நாள். அதைச் சொன்னால் கணக்கு நாலைந்து நாள் பிசகிவிடும். மிட்வைஃப் மிஸ் கேட்டால் 'பட்ட நாள்', அதாவது தீட்டுத் தொடங்கிய நாள் எதுவென்று யோசித்துச் சொல்லுங்கள். தேதி மறந்துவிட்டதா? கோயில் திருவிழா, சம்பளம் போட்ட நாள், வேலைநாள் கணக்கில் பெயர் குறைந்த நாள் என்று எதையாவது பிடித்துப் பின்னால் போங்கள், வந்துவிடும்.

பக்கத்தில் இருக்கும் ஈ.டி.டி, பிள்ளை பிறக்கலாம் என்று கணக்கிட்ட தேதி. நீங்களே போட்டுப் பார்க்கலாம். முதல் நாளோடு 7 நாளைக் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போய், வருடத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். நேகலே என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் வழங்கும் கணக்கு இது. 2025 தைப்பொங்கலன்று, அதாவது ஜனவரி 14ஆம் தேதி, ஒருத்திக்குப் பட்டது என்று வைத்துக்கொள்வோம். 7ஐக் கூட்டினால் 21. மூன்று மாதம் பின்னால் போனால் 2024 ஒக்டோபர். வருடத்தில் ஒன்றைக் கூட்டினால் 2025. ஆகவே 2025 ஒக்டோபர் 21. அந்த வருடத் தீபாவளிக்கு மறுநாள்.

இடையில் இருப்பது 280 நாள். 28 நாளை ஒரு மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து மாதம். பத்து மாதம் சுமந்தேன் என்று நம் கிழவிகள் சொல்வது மிகைப்படுத்தல் இல்லை, சுத்தமான கணக்கு.

ஈ.டி.டி அன்றைக்கே வலி வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 37 வாரம் முடிந்தாலே பிள்ளை நிறைமாதத்துக்கு வந்துவிட்டது என்பார்கள். அதற்கு முன் பிறந்தால் குறைமாதம்.

படி 2: 24+3 என்றால் 27 இல்லை

பி.ஓ.ஏ என்பது மாதவிடாய் நின்ற காலம். அதில் 24+3 என்று எழுதியிருந்தால் 24 வாரமும் 3 நாளும். கூட்டிவிடக் கூடாது. அதே மாதிரி அடுத்த கிளினிக்குக்கு 2/52 என்று எழுதியிருப்பார்கள். வருடத்தின் 52 வாரத்தில் இரண்டு, அதாவது இரண்டு வாரம் கழித்து வாருங்கள். 1/12 என்றால் ஒரு மாதம், 3/7 என்றால் மூன்று நாள். இதைத் தேதி என்று நினைத்து, 1/12ஐப் பார்த்து டிசம்பர் முதலாம் தேதி வரை காத்திருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

படி 3: ஜி, பி, சி

மூன்று எழுத்துகளும் அவற்றின் பக்கத்தில் இலக்கங்களும் இருக்கும். ஜி, இந்தத் தடவையையும் சேர்த்து எத்தனை முறை உண்டாகியிருக்கிறாள் என்பது. பி, முன்பு எத்தனை பிரசவம். சி, உயிரோடு இருக்கும் பிள்ளைகள். தலைப்பிரசவக்காரியை 'பிரைமி' என்பார்கள்.

ஜி 3 பி 1 சி 1 என்று இருந்தால் முன்பு ஒன்று தங்கவில்லை என்று அர்த்தம். வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாததைக் கார்டு பேசிவிடுகிறது. இதில் ஒரு சொல்லைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அபோஷன் என்ற சொல்லைக் கண்டதும், 'யாருக்கும் தெரியாம கலைச்சிருக்கா' என்று மாமியார் வீடு குதிக்கும். மருத்துவத்தில் தானாகக் கலைந்ததற்கும் அதே சொல்தான். ஸ்பொன்டேனியஸ் அபோஷன் என்றால் தானாகக் கலைந்தது. மிஸ்ட் அபோஷன் என்றால் கரு உள்ளேயே உயிரை விட்டும் வெளியே வராமல் இருந்தது. இரண்டிலும் அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை. இந்த ஒரு சொல்லால் ஒரு பெண் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். கார்டை வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள் அன்றைக்கு அந்த வீட்டில் இருந்திருக்கலாம்.

படி 4: பள்ளிப் புத்தகத்துச் சொற்கள்

சூலும் விந்தும் சேர்ந்தது நுகம். அது பிரிந்து பெருகிக் கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்வது உட்பதித்தல். அதன் பிறகு முளையம். கார்டுக் கணக்கில் 10 வாரம் முடிந்தால் முதிர்மூலவுரு. அப்போது உச்சி முதல் பிட்டம் வரை சுமார் 3 சென்ரிமீற்றர்தான், பெருவிரலின் மேல் கணுவளவு.

கார்டுக் கணக்கு என்று ஏன் சொல்கிறேன்? கரு உண்டாவது பட்ட நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். எனவே கார்டில் 10 வாரம் என்றால் பிள்ளையின் உண்மை வயது 8 வாரம். இது தெரியாமல், கலியாணத் தேதியோடு இந்த வாரத்தை ஒப்பிட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம்.

படி 5: ஒவ்வொரு முறையும் நிரப்பும் வரி

எச்.பி, இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். 11க்குக் கீழே போனால் குருதிச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதை நம்மில் பாதிப்பேர் தேத்தண்ணியோடுதான் விழுங்குகிறோம். நாம் பறிக்கிற கொழுந்தில் உள்ள டனின் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. தண்ணீரோடு குடியுங்கள், தேசிக்காய்ச் சாறு என்றால் இன்னும் நல்லது. தேத்தண்ணிக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் விடுங்கள். கல்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாமல் வேறு நேரத்துக்கு வையுங்கள்.

பி.பி, பிரஷர். 140/90 அல்லது அதற்கு மேல் போனால் டொக்டர் பார்க்க வேண்டும்.

எஃப்.எச், மிஸ் நாடாவால் வயிற்றை அளப்பது. 24 வாரத்துக்குப் பிறகு சென்ரிமீற்றரும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். 30 வாரத்தில் 28 முதல் 32 வரை இருந்தால் நல்லது.

எஃப்.எச்.எஸ், பிள்ளையின் இதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. நம் துடிப்பை விட வேகமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அதுதான் அதன் வேகம்.

படி 6: ஸ்கேன் தாள்

முதல் மூன்று மாதத்து ஸ்கேனில் சி.ஆர்.எல் என்று இருப்பது மேலே சொன்ன உச்சி-பிட்ட நீளம். தேதி மறந்தவர்களுக்கு இதை வைத்துத்தான் ஈ.டி.டியைத் திருத்துவார்கள். பிந்திய ஸ்கேன்களில் வரும் தேதி கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பிறகு பி.பி.டி தலையின் அகலம், எச்.சி தலைச் சுற்றளவு, ஏ.சி வயிற்றுச் சுற்றளவு, எஃப்.எல் தொடை எலும்பு. இவற்றிலிருந்து கணக்கிடும் உத்தேச எடை ஈ.எஃப்.டபிள்யூ. தராசில் வைத்த எடை இல்லை, கூடக்குறைய வரும்.

பிளசென்டா என்பதைப் புத்தகம் சூல்வித்தகம் என்கிறது. பிரசவம் முடிந்ததும் அப்பாயி "நஞ்சு விழுந்துருச்சா?" என்று கேட்பாளே, அதேதான். பெயர்தான் நஞ்சு, பிள்ளைக்குச் சோறு போவது அது வழியாகத்தான். அன்டீரியர் என்றால் வயிற்றுப் பக்கம், போஸ்டீரியர் என்றால் முதுகுப் பக்கம். ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லோ லையிங் என்றால் கீழே இருக்கிறது. 20 வாரத்தில் அப்படி இருந்தாலும் கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே போய்விடும். ஆனால் திரும்ப ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தவறவிடாதீர்கள்.

செபாலிக் என்றால் தலை கீழே. பிரீச் என்றால் பிட்டமோ காலோ கீழே. 28 வாரத்தில் பிரீச் என்றால் இன்னும் திரும்ப நேரமிருக்கிறது. 36க்குப் பிறகும் அப்படியென்றால் எப்படிப் பிரசவம் பார்ப்பது என்று டொக்டரிடம் பேச வேண்டும்.

படி 7: கதவுக்குப் பின்னால் ஒட்ட ஒரு தாள்

இரத்தம் படுதல், பன்னீர்க்குடம் உடைதல், கண் மங்கி மண்டையிடி வருதல், வலிப்பு, பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றுக்கு அடுத்த கிளினிக் வரை பொறுக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் நம் லயங்களில் பலவற்றுக்குத் தெருப்பெயர் கிடையாது, வீட்டிலக்கம் கிடையாது. பதற்றத்தில் வழி சொல்லவும் வராது. ஆகவே இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள்: தோட்டத்தின் பெயர், மேல்பிரிவா கீழ்ப்பிரிவா, லயத்து நம்பர், வண்டி எந்தக் கோயில் அல்லது ஸ்டோரு (தேயிலைத் தொழிற்சாலை) வரை வரும், ஈ.டி.டி, ஜி-பி-சி, இரத்த வகை. இரத்த வகையில் நெகட்டிவ் என்று இருந்தால் அதன் கீழே கோடு போடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், போனில் பேசுவது மாதிரி அதை இரண்டு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.