சுடும்போது சப்ரஸர் லூஸ் ஆகாம இருக்க என்ன பண்ணணும்

ரேஞ்ச்ல கொஞ்ச நேரம் சுட்டதுக்கு அப்புறம் குரூப் (டார்கெட்ல தோட்டா ஓட்டைங்க விழற கூட்டம்) திடீர்னு விரிய ஆரம்பிச்சா நிறைய பேர் ஸ்கோப் மேல, அம்யூனிஷன் மேல தான் முதல்ல சந்தேகப்படறாங்க, ஆனா பேரல் முனையில சப்ரஸர் (வெடிச்சத்தத்தைக் குறைக்கற குழாய்) மாட்டியிருந்தீங்கன்னா முதல்ல பாக்க வேண்டியது அதைத்தான். அது கால் சுத்து கழண்டிருந்தாலே தோட்டா விழற இடம் மாறிடும். அதுக்கு மேல கழண்டா உள்ள இருக்கற பேஃபிள்ல (நடுவுல ஓட்டை போட்ட தடுப்புத் தகடு) தோட்டா உரசும், இதைத்தான் பேஃபிள் ஸ்ட்ரைக்னு சொல்றாங்க. பேஃபிள் ஓட்டை தோட்டாவை விட ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர் தான் பெருசா இருக்கும், அதனால லேசா கோணினாலே போதும்.

நான் சொல்றது அமெரிக்காவுல சட்டப்படி வாங்கி ரெஜிஸ்டர் பண்ணின சப்ரஸர் வெச்சிருக்கறவங்களுக்கு. அங்க 1934லேர்ந்து இருக்கற என்எஃப்ஏ (நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட்) சட்டப்படி 200 டாலர் வரி இருந்துச்சு, 2026 ஜனவரி 1லேர்ந்து அந்த வரி சைபர் ஆயிடுச்சு, ஆனா ஃபார்ம், கைரேகை, அப்ரூவல் எல்லாம் அப்படியே தான் இருக்கு. புதுசா நிறைய பேர் வாங்கறாங்க, அதனால தான் இதை எழுதணும்னு தோணுச்சு.

எதைத் தொடறதுக்கு முன்னாடியும் மேகசினை எடுங்க, போல்ட்டை இழுத்து சேம்பரை (தோட்டா உக்காரற அறை) கண்ணால பாருங்க, விரலாலயும் தடவிப் பாருங்க. சப்ரஸரை செக் பண்ணும்போது கை மசில் (தோட்டா வெளிய வர்ற பேரல் முனை) பக்கம் தானே போகுது, இதுல சோம்பேறித்தனமே கூடாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். சப்ரஸரை நேரா நிக்க வைக்கறது த்ரெட் தான்னு பலபேர் நினைக்கறாங்க, த்ரெட் இழுத்துப் பிடிக்கும் அவ்வளவுதான், நேரா உக்கார வைக்கறது த்ரெட்டுக்குப் பின்னாடி பேரல்ல இருக்கற ஷோல்டர்ங்கற படி. அந்த வட்டமான முகமும் சப்ரஸரோட பின்முகமும் சுத்தி ஒரே மாதிரி ஒட்டி உக்காரணும். நடுவுல ஒரு துளி கார்பன், ஒரு சின்ன உலோகத்தூள், பழைய பெயிண்ட் செதில் எது இருந்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கும், அப்புறம் நாலு தடவை சுட்டதும் அந்தத் தூள் நசுங்கி இடம் விட்டதும் சப்ரஸர் தானா லூஸ் ஆகும். அதனால மாட்டறதுக்கு முன்னாடி நைலான் பிரஷ், கொஞ்சம் சால்வென்ட், ஒரு துணி வெச்சு ரெண்டு முகத்தையும் துடைச்சு வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. க்ரஷ் வாஷர் (இறுக்கும்போது நசுங்கற வளையம்) இருந்தா கழட்டிடுங்க, அது சமமா நசுங்காது, ஃப்ளாஷ் ஹைடருக்கு (சுடும்போது வர்ற தீப்பொறி வெளிச்சத்தைக் குறைக்கற முனை) ஓகே, சப்ரஸர் பக்கமே வரக்கூடாது.

த்ரெட் சைஸ் சரிதானான்னும் பாருங்க. அமெரிக்க 5.56 ரைஃபிள்ல பெரும்பாலும் 1/2×28 (அரை இன்ச் விட்டம், ஒரு இன்ச்சுக்கு 28 த்ரெட்), .308ல 5/8×24. ஏகே மாதிரி பல துப்பாக்கில 14×1 (மில்லிமீட்டர் கணக்கு) இடது பக்கம் திரும்பற த்ரெட், அதாவது நாம பழகினதுக்கு நேர் எதிரா சுத்தினா தான் இறுகும். ஆரம்பத்துல விரல் நுனியால மெதுவா ஏத்துங்க, பாட்டில் மூடி கோணலா ஏறின மாதிரி கை உணர்ந்தா அங்கயே நிறுத்தி பின்னாடி சுத்தி மறுபடி ஆரம்பிங்க.

நேரா பேரல்லயே திருகற டைரக்ட் த்ரெட் சப்ரஸர் தான் அதிகமா லூஸ் ஆகும், கையால நல்லா இறுக்கி உக்கார வெச்சாலும் சூடும் அதிர்வும் சேர்ந்து கழட்டும். இதுக்கு ஒரே மருந்து அடிக்கடி செக் பண்றது. முதல் ஷாட் முடிஞ்சு ஒருதடவை, அப்புறம் ஒவ்வொரு மேகசினுக்கும். சூடு ரொம்ப ஏறியிருக்கும், வெறும் கையால தொட்டா தோல் ஒட்டிக்கும், வெல்டிங் க்ளவுஸ் மாதிரி ஒண்ணு பையில எப்பவும் இருக்கட்டும். எனக்குப் பிடிச்ச வழி என்னன்னா ஹை டெம்பரேச்சர் பெயிண்ட் மார்க்கரால சப்ரஸர் மேலேர்ந்து பேரல் வரைக்கும் நேரா ஒரு கோடு போட்டு வைக்கறது, கோடு உடைஞ்சு நின்னா தொடாமலே தெரிஞ்சிடும்.

லூஸ் ஆகுதேன்னு டைரக்ட் த்ரெட்ல பசை போட்டுடாதீங்க, அப்புறம் கழட்டவே முடியாம போயிடும். பசை போட வேண்டிய இடம் வேற. க்விக் டிடாச் வகையில பேரல்ல நிரந்தரமா ஒரு மசில் டிவைஸ் மாட்டி அது மேல சப்ரஸர் பூட்டிக்கும் இல்லையா, அந்த டிவைஸை தான் பசையோட இறுக்கணும். த்ரெட் கழலாம இருக்கப் போடற சாதாரண நீல லாக்டைட் பசை 150 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே பிடி விட்டுடும், அதுக்குப் பதிலா ராக்செட்னு ஒரு செராமிக் வகை பசை இருக்கு, சூட்டுக்கு அசையாது, கழட்டணும்னா ராத்திரி முழுக்க தண்ணில ஊற வெச்சா இளகிடும். த்ரெட்டை எண்ணெய்ப் பசை இல்லாம துடைச்சு ரெண்டு சொட்டு விட்டு, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (இறுக்கற விசை) இறுக்கி (பொதுவா 20லேர்ந்து 30 ஃபுட் பவுண்ட்), ஒரு நாள் காய விடுங்க. இதைச் சரியா பண்ணலைன்னா சப்ரஸரைக் கழட்டும்போது டிவைஸும் சேர்ந்து வந்துடும், உள்ள மாட்டிக்கிட்ட அதை எடுக்கறது பெரிய தலைவலி.

டேப்பர் மவுண்ட்னா, அதாவது கூம்பு மாதிரி சரிவான முகத்துல உக்காரற வகைன்னா, அந்தச் சரிவான முகத்தை பளபளன்னு வெச்சுக்கங்க, ராட்செட் (க்ளிக் க்ளிக்னு பூட்டிக்கற பல்) இருந்தா கடைசி க்ளிக் வரைக்கும் போகட்டும், அப்புறம் முன்னாடி இழுத்து ரெண்டு பக்கமும் திருகிப் பாருங்க. ஆன்ட்டி சீஸ் (த்ரெட் ஒட்டிக்காம இருக்கப் பூசற பேஸ்ட்) பூசறதா இருந்தா த்ரெட்ல மட்டும் மெல்லிசா, ஷோல்டர்லயோ டேப்பர்லயோ வேணாம், மேனுவல்ல கூடாதுன்னு போட்டிருந்தா விட்டுடுங்க.

புதுசா மாட்டினதும் அலைன்மென்ட் ராட் (பேரலுக்குள்ள விடற நேரான கம்பி) விட்டு முன் ஓட்டைல அது நடுவுல நிக்குதான்னு பாருங்க, ஒரு பக்கம் ஒட்டியிருந்தா சுடவே கூடாது. பிஸ்டல்ல பேரல் சாயற டிசைன்னா பூஸ்டர் (சப்ரஸர் எடை இருந்தாலும் பேரல் அசைய உதவற ஸ்ப்ரிங் பாகம்) வேணும், பேரல் அசையாத துப்பாக்கில அதே பூஸ்டரைப் போட்டா அடி வாங்கும், அங்க ஸ்ப்ரிங்குக்குப் பதிலா அசையாத ஃபிக்ஸ்டு ஸ்பேசர் போடுங்க.

சுடும்போது சத்தம் திடீர்னு மாறினாலோ, டார்கெட்ல தோட்டா பக்கவாட்டா குத்தின மாதிரி நீளமான ஓட்டை விழுந்தாலோ உடனே நிறுத்துங்க. அன்லோட் பண்ணி, ஆற விட்டு, முன் ஓட்டையோட விளிம்புல பளிச்னு புதுக் கீறல் இருக்கான்னு பாருங்க. இருந்தா நீங்களே திறந்து பேஃபிள் மாத்தப் போகாதீங்க, அது சட்டப்படி உங்க வேலை இல்ல, லைசென்ஸ் உள்ள மேனுஃபேக்சரருக்குத் தான் அனுப்பணும்.