வலையைப் படித்துக் கற்கும் நிரல்: விதையிலிருந்து தொடங்குங்கள்

இணையப் பக்கங்களைப் படித்து நகரப் பெயர்களைத் தானே சேர்க்கும் நிரல் வேண்டுமா? முதலில் பத்துப் பதினைந்து நகரப் பெயர்களை விதையாக, அதாவது தொடக்க உதாரணங்களாகக் கொடுங்கள். அவை வரும் வாக்கியங்களை நிரல் தேடும்போது 'பாரிஸ் போன்ற நகரங்கள்' மாதிரியான அமைப்புகள் சிக்கும். அவற்றை வைத்துப் புதுப் பெயர்களைப் பிடிக்கலாம். 1992-இல் கணினி ஆய்வாளர் மார்ட்டி ஹெர்ஸ்ட் காட்டிய வழி.

சரி, தலைவலி அப்புறம்தான். 'பாரிஸுக்குப் போனேன்' என்ற அமைப்பையும் நிரல் நம்பிவிட்டால் கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் நகரமாகிவிடும். ஆகவே நகரத்தைத் தனியாகக் கற்பிக்கவே கூடாது என்பேன். நோய், விலங்கு, கட்டடம் எல்லாவற்றையும் சேர்த்தே கற்பித்து, ஒன்று மற்றொன்றாக முடியாது என்று விதி போடுங்கள். 2010-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய 'நெல்' (NELL) என்ற, வலையைப் படித்துக் கற்கும் நிரலும் இப்படித்தான்.

ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சேர்ந்ததை நீங்களே புரட்டிப் பாருங்கள். ஒரே பத்தியை நகலெடுத்த பத்துப் பக்கங்களை ஒரே சாட்சியாக எண்ணுங்கள்.