பல்ஸ் மெட்டல் டிடெக்டர் காயிலும் சர்க்யூட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் கட்டிய பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர் (காயிலுக்குச் சிறு கரண்ட் துடிப்புகள் கொடுத்து உலோகத்தைத் தேடும் கருவி) ஒரு நாணயத்தை 5 செ.மீ. தள்ளி வைத்தாலே கண்டுகொள்ளவில்லை என்றால், பெரும்பாலோர் முதலில் காயிலுக்குக் கரண்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். அதனால் பேட்டரி சூடாகும், ஆழம் கூடாது. காயில் கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்சான மாஸ்ஃபெட் அணைந்ததும் காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவுதான் பக்கத்திலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அது தேய்ந்து மறைவதற்குள் காயில் அடங்கியிருக்க வேண்டும், ஆம்ப்ளிஃபையரும் கேட்கத் தயாராகியிருக்க வேண்டும். மெல்லிய மோதிரத்தின் சிக்னல் சில மைக்ரோ செகண்டில் போய்விடும். அதனால் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை, அணைந்த பிறகு வரும் முதல் 20 மைக்ரோ செகண்டைப் பாழாக்குபவை.

கணக்குக்கு ஒரு காயிலை எடுத்துக்கொள்வோம்: 20 செ.மீ. விட்டம், 0.5 மி.மீ. எனாமல் கம்பி, 25 சுற்று. ஏறத்தாழ 300 மைக்ரோ ஹென்றி, 1.4 ஓம் வரும். 12 வோல்ட்டில் 100 மைக்ரோ செகண்ட் பல்ஸ் கொடுத்தால் கரண்ட் 3 ஆம்பியருக்குப் பக்கத்தில் ஏறும்.

ரிலே பழக்கத்தில் போடும் டையோடு

காயில் என்றாலே குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போடக் கை போகும். ரிலேவுக்கு அது சரி, இங்கே அதுவே சர்க்யூட்டைக் கொல்கிறது. டையோடு இருந்தால் கரண்ட் காயிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தேயும். 300 மைக்ரோ ஹென்றியை 1.4 ஓமால் வகுத்தால் நேர மாறிலி 200 மைக்ரோ செகண்டுக்கு மேல். டையோடு இல்லாமல், 400 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப் 740 மாஸ்ஃபெட்டில் அதே 3 ஆம்பியர் இரண்டு மூன்று மைக்ரோ செகண்டில் விழுந்துவிடும்.

கையில் இருக்கிறதே என்று ஐஆர்எஃப் 540 போடுவதும் இதே வகைத் தவறுதான். அது 100 வோல்ட் மாஸ்ஃபெட், அந்த அளவிலேயே வோல்டேஜை நிறுத்திவிடும். கரண்ட் விழ நான்கு மடங்கு நேரம் ஆகும். ஐஆர்எஃப் 740-ஐயும் மைக்ரோ கண்ட்ரோலரின் 5 வோல்ட் பின்னிலிருந்து நேராக ஓட்டக் கூடாது. அதன் கேட்டுக்கு (திறக்க வைக்கும் காலுக்கு) 10 வோல்ட்டாவது வேண்டும். இல்லையென்றால் அரைகுறையாகத் திறந்து சூடாகும். நடுவில் டிசி 4427 போன்ற ஒரு கேட் டிரைவர் வையுங்கள்.

டேம்பிங் ரெசிஸ்டரைக் காப்பி அடிப்பது

காயிலின் அதிர்வை அடக்க அதன் குறுக்கே போடுவது டேம்பிங் ரெசிஸ்டர். சர்க்யூட் படத்தில் அது 680 ஓம் என்று இருந்தால் அது படம் போட்டவருடைய காயிலுக்கும் கேபிளுக்கும் பொருந்திய மதிப்பு. உங்களுடையதைக் கணக்கிடுவது எளிது. ரெசிஸ்டரையும் ஆம்ப்ளிஃபையர் இன்புட்டையும் கழற்றிவிட்டு, கேபிள், மாஸ்ஃபெட் எல்லாம் சேர்ந்த நிலையில் காயில் எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்று ஆஸிலாஸ்கோப்பில் பாருங்கள். தேவையான மொத்த ரெசிஸ்டன்ஸ் = 3.14 × அதிர்வெண் × இண்டக்டன்ஸ். நம் காயில் 460 கிலோ ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் சுமார் 433 ஓம். ஆம்ப்ளிஃபையரின் 1 கிலோ ஓம் இன்புட் ரெசிஸ்டரும் கிளாம்ப் டையோடு (இன்புட்டில் வோல்டேஜ் ஏறாமல் தடுக்கும் டையோடு) வழியாக இதற்கு இணையாக நிற்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த இணைப்பைக் கணக்கில் எடுத்தால் வெளியே போட வேண்டியது 760 ஓம் அளவில் வரும். 750-இல் தொடங்கி முன்பின் மாற்றிப் பாருங்கள். மதிப்பு அதிகமானால் அலை நெளிந்துகொண்டே இருக்கும், குறைந்தால் மெதுவாகச் சரியும்.

இந்த இடத்தில் கால் வாட் ரெசிஸ்டர் நிற்காது. 400 வோல்ட் உச்சம் அதன் வரம்பைத் தாண்டியது. 1 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தொடராகப் போடுங்கள். வயர்வவுண்ட் வகை வேண்டாம், அதுவே இன்னொரு காயில். ஆஸிலாஸ்கோப்புக்கும் சாதாரண 10 மடங்கு புரோபின் வோல்டேஜ் வரம்பைப் பார்த்துவிட்டுத்தான் காயில் முனையில் தொட வேண்டும். 100 மடங்கு புரோப் பத்திரம்.

காயில் சுற்றுவதில்

சுற்றைக் கூட்டினால் ஆழம் கூடும் என்பது பாதி உண்மை. 25-ஐ 50 ஆக்கினால் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய நான்கு மடங்காகும். கரண்ட் ஏற நேரமாகும், அதிர்வெண் இறங்கும், அடங்குவதற்கும் தாமதம். 300 முதல் 500 மைக்ரோ ஹென்றிக்குள் நில்லுங்கள். ரெசிஸ்டன்ஸைக் குறைக்க 1 மி.மீ. தடித்த ஒற்றைக் கம்பி போட்டால், அந்தச் செம்பிலேயே சுழல் மின்னோட்டம் ஓரிரு மைக்ரோ செகண்ட் தங்கும். பல இழைக் கம்பி மேல். அதன் தடித்த இன்சுலேஷன் சுற்றுகளைத் தள்ளி வைத்துக் கெபாசிட்டன்ஸையும் குறைக்கும்.

ஃபெரைட் ராடில் சுற்றும் சின்னத் தேடு காயிலுக்குச் சுற்று எண்ணிக்கையை நம்பவே வேண்டாம். ராடுக்கு ராடு மாறும். இண்டக்டன்ஸ் மீட்டரில் அளந்து சுற்றுங்கள்.

காயிலைச் சுற்றிப் போடும் ஷீல்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் உறை) விஷயத்தில் அலுமினிய ஃபாயிலை முழு வட்டமாக மூடிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மூடிய வளையம் ஷார்ட் ஆன ஒரு சுற்று, டிடெக்டர் தன் ஷீல்டையே பார்த்துக்கொண்டிருக்கும். 1 செ.மீ. இடைவெளி விட வேண்டும், முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. காயிலுக்கும் ஷீல்டுக்கும் நடுவே 2, 3 மி.மீ. ஃபோம் அல்லது ஸ்பைரல் ரேப் வையுங்கள். பல்ஸ் வகைக்கு ஃபாயிலைவிட கிராஃபைட் பூச்சு நல்லது, அதற்கும் இடைவெளி உண்டு. கடைசியில் எல்லாச் சுற்றும் அசையாமல் எபாக்சியில் உறைய வேண்டும். இல்லையென்றால் புல்லில் தட்டும்போதெல்லாம் கத்தும். மூடியைப் பிடிக்கும் ஸ்க்ரூ நைலானில் இருக்கட்டும்.

கேபிள்: ஆர்ஜி 58 கோஆக்சியல் கேபிள் மீட்டருக்கு சுமார் 100 பிக்கோ ஃபாரட் சேர்க்கும். சுருட்டி வைத்த உபரி நீளத்தை வெட்டுங்கள்.

ஆம்ப்ளிஃபையரும் சப்ளையும்

எல்எம் 358 ஆப்-ஆம்பை (ஆம்ப்ளிஃபையர் சிப்பை) 1000 மடங்கு கெயினில், அதாவது பெருக்கத்தில், ஓட்டினால் பேண்ட்வித் 1 கிலோ ஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடும். 10 மைக்ரோ செகண்ட் சிக்னல் அதற்குத் தெரியாது. என்இ 5534 பத்து மடங்கு வேகம். அதிலும் கெயினை இரண்டு கட்டமாகப் பிரித்தால் இன்னும் சீக்கிரம் மீளும். இன்புட் கிளாம்புக்கு 1என்4148 ஜோடிதான். 1என்4007 அணைவதற்கே பல மைக்ரோ செகண்ட் எடுக்கும்.

3 ஆம்பியர் பல்ஸும் ஆப்-ஆம்பும் ஒரே கிரவுண்ட் தடத்தைப் பகிர்ந்தால் ஒவ்வொரு பல்ஸும் சிக்னலில் ஏறும். காயிலின் சப்ளை முனைக்கும் மாஸ்ஃபெட் சோர்ஸுக்கும் குறுக்கே 2200 மைக்ரோ ஃபாரட் லோ-ஈஎஸ்ஆர் கெபாசிட்டர் வைத்து, இரண்டு கிரவுண்டையும் அந்தக் கெபாசிட்டரின் மைனஸ் காலில் மட்டும் சேருங்கள். ஆம்ப்ளிஃபையருக்குத் தனி ரெகுலேட்டர்.

சாம்பிள் தாமதத்தை, அதாவது மாஸ்ஃபெட் அணைந்து சிக்னலை அளக்கும் வரையிலான நேரத்தை, முதல் நாளே 10 மைக்ரோ செகண்டில் வைக்க வேண்டாம். 25-இல் தொடங்கி, அலை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். சோதனையை கான்கிரீட் தரைக்கு மேல் செய்தால் உள்ளிருக்கும் கம்பிதான் பதில் சொல்லும். காயிலை மரச் சட்டத்தில் செங்குத்தாக நிறுத்தி, சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இரும்பு, மொபைல் சார்ஜர், எல்இடி பல்பு எதுவும் இல்லாமல், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு நாணயத்தைக் காட்டுங்கள்.