கூகுளில் ஒரு ஸ்டார் விழுந்தால் மருத்துவர் என்ன செய்யலாம்?

கோபியோ தாராபுரமோ பொள்ளாச்சியோ, எந்த ஊரில் கிளினிக் வைத்திருந்தாலும் சரி, வருகிறவர்களில் பலர் இப்போது கூகுளில் ஸ்டாரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஒரு ஸ்டார் விழுந்தால் மனம் நோகத்தான் செய்யும். ஆனால் கோபத்தில் எழுதும் பதில் அந்த ஸ்டாரைவிடப் பெரிய கெடுதலைச் செய்துவிடும். புதிதாக கிளினிக் தொடங்கிய மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பக்கத்தை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். உரிமையாளர் நீங்கள்தான் என்று கூகுளில் உறுதிசெய்த பிறகே பதில் எழுத முடியும். கிளினிக் நேரத்தையும் போன் நம்பரையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

2. அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். டோக்கன் நோட்டைப் பாருங்கள், முன்னால் உட்காரும் பெண்ணிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

3. நோயாளியின் ரகசியத்தைத் தொடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். "நீங்க சுகர் மாத்திரையை ஒழுங்கா போடலை, அதான் புண் ஆறலை" என்று பொதுவில் எழுதினால், அவருடைய நோயை ஊருக்கே சொன்னதாகிவிடும். அவரே தன் நோயைப் பற்றி எழுதியிருந்தாலும் அதைப் பேசும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் ரகசியம் காப்பதைக் கடமையாகவே வைத்திருக்கின்றன. "நீங்கள் எங்களிடம் வந்தீர்கள்" என்றுகூட எழுதாமல் இருப்பதே நல்லது.

இப்படி எழுதலாம்:

"சிரமத்தைச் சொன்னதற்கு நன்றிங்க. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. கிளினிக் நம்பருக்குக் கூப்பிட்டால் நானே பேசுகிறேனுங்க."

இவ்வளவு போதும். அந்தப் பதிலைப் புகார் எழுதியவர் ஒருவர் படிப்பார். நாளை வரப்போகும் பலரும் படிப்பார்கள். விமர்சனம் இந்தியில் இருந்தால் பதிலையும் இந்தியில் எழுதச் சொல்லுங்கள்; திருப்பூர்ப் பக்கம் இது அடிக்கடி தேவைப்படும்.

சிகிச்சையைப் பற்றிய புகார் என்றால் போனிலோ நேரிலோ மட்டும் பேசுங்கள். அவர் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால், அதே விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தயங்காமல் கொடுங்கள்.

4. பொய்யையும் வசையையும் கூகுளிடம் புகார் செய்யுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் எதையும் நீக்க மாட்டார்கள். ஃபீஸில் தள்ளுபடி கொடுத்து ஐந்து ஸ்டார் வாங்குவதைக் கூகுளின் விதி தடுக்கிறது. எனக்கு அது நோயாளியை ஏமாற்றுவதாகவும் படுகிறது.

5. ஸ்டார் எதை அளக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1990களின் தொடக்கத்திலிருந்து இதய பைபாஸ் அறுவை சிகிச்சை இறப்பு விகிதத்தை மருத்துவமனை வாரியாக வெளியிடுகிறது. அங்கே நோயாளி எவ்வளவு மோசமான நிலையில் வந்தார் என்பதையும் கணக்கில் சேர்த்தே ஒப்பிடுகிறார்கள். கூகுள் ஸ்டாரில் அந்தக் கணக்கு இல்லை. பத்துப் பேர் மட்டும் ஐந்து ஸ்டார் போட்டிருக்கும் கிளினிக்கில் ஒருவர் ஒரு ஸ்டார் போட்டாலே சராசரி 4.6 ஆகிவிடும். அதை வைத்து உங்கள் கைத்திறனை எடைபோட வேண்டாம்.

ஆனால் காத்திருப்பு, பேச்சு, பில் விவரம் பற்றி நாலைந்து பேர் ஒரே குறையைச் சொன்னால் நம்புங்கள். பனியன் கம்பெனி லீவு நாளில் கூட்டம் சேருகிறதென்றால், எத்தனையாவது டோக்கன் உள்ளே போயிருக்கிறது என்று பலகையில் எழுதி வையுங்கள், அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறங்கள். மாற்றம் வந்த பிறகு பழைய பதிலைத் திருத்தி, என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூகுளில் அதற்கு வசதி இருக்கிறது.